இருபத்தேழரை இஞ்ச் சக்கரம்

அந்தச் சைக்கிளை நான் கேட்கவே இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு வந்த சண்டையில் இந்த ஒன்றைத்தான் எல்லோரும் வசதியாக மறந்துபோனார்கள்.

சரோஜினி நகரில் பழைய குவார்ட்டர்ஸை இடித்துவிட்டுக் கட்டியிருக்கும் புது டவர்களில் ஒன்றில், பதினோராவது மாடியில், ஒரு தமிழ்க் குடும்பத்துக்குக் காலைச் சமையல் செய்துகொண்டிருந்தேன். சார் மதுரைப் பக்கம், மத்திய சர்க்காரில் பெரிய வேலை. மேடம் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், எழுதப் படிக்க வராது. நான் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. தமிழ் படிப்பேன், எழுதுவேன். இங்கிலீஷில் எண்கள் மட்டும்தான்.

ஏழரைக்கு டிபன், எட்டுக்குள் மூன்று டப்பா. ஆறரைக்கு அடுப்பு பற்றினால்தான் அது நடக்கும். என் அறை மோதி பாக் தாண்டி ஒரு சந்தில். பஸ்ஸை நம்ப முடியாது, தினம் ஆட்டோ என்றால் கட்டுப்படியாகாது, ஆகவே சைக்கிள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நாற்பத்துமூன்று வயதுக்காரி ஒருத்தி ரோட்டில் சைக்கிள் மிதித்தால், டெல்லியில் காரோட்டுகிறவர்கள் அவளுக்கென்று தனியாக ஒரு ஹாரன் வைத்திருப்பார்கள். பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்து, காதுக்குள் அடித்து, கண்ணாடியை இறக்கி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் சொல்வேன், தமிழில். அவர்களுக்குப் புரியாது என்பதால் இன்னும் மோசமாகச் சொல்வேன்.

அப்படிச் சொல்கிறவள் தைரியசாலி என்று நினைக்க வேண்டாம். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். கேஸை மூடினேனா, பூட்டை இழுத்துப் பார்த்தேனா, டயரில் காற்று நிற்கிறதா. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் இறங்கிப் பின் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் ஒரு ஆபீஸ் கேன்டீனில் தோசை மாஸ்டர். என்றைக்காவது என்கூட நடந்து வந்தால், "டாக்டரம்மா நாடி பாக்குறாங்க, எல்லாரும் ஓரமா நில்லுங்க" என்பார்.

என் பழைய வண்டி கறுப்பு லேடீஸ் சைக்கிள். டயரின் பக்கவாட்டில் 26 × 1⅜ என்று போட்டிருக்கும். எட்டு வருடம் உழைத்தது. கட்டட லாரிகள் பறித்துவிட்டுப் போன குழி ஒன்றில் ஒரு காலை இறங்கி ஏறியபோது பின் ரிம் ஸ்போக்ஸ் ஓட்டை வரிசையிலேயே பிளந்துகொண்டது. துருப்பிடித்த ரிம், எனக்குத் தெரியும், தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். வண்டியைத் தூக்கிப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஏழே கால். மேடம் பிரெட்டைச் சுட்டுக்கொண்டிருந்தார்.  டோஸ்டரைப் பார்த்துக்கொண்டே நின்றார். அது திட்டைவிட மோசம்.

அன்றைக்குத்தான் சார் பால்கனிக் கதவைத் திறந்து அதைக் காட்டினார். லாக்டவுன் சமயத்தில் ஆசைப்பட்டு வாங்கியதாம். பச்சை நிறம், பருமனான டயர், கியர், டிஸ்க் பிரேக். ஹேண்டில்பாரில் இரண்டு துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

"எடுத்துட்டுப் போங்கக்கா. சும்மாதான் நிக்குது."

"எப்ப சார் திருப்பித் தரணும்?"

"அட, உங்களுக்குத்தான்க்கா. வெச்சுக்கோங்க."

"சார், நெசமாத்தானா?"

"ஐயோ, பத்திரம் எழுதித் தரணுமா?" என்று சிரித்தார். மேடம் உள்ளேயிருந்து, "அப்பாடா, பால்கனி காலி" என்றார். சார் போனிலேயே கேட்டுக்குச் சொன்னார். கீழே செக்யூரிட்டி தன் நோட்டில் சைக்கிள், ஒன்று, வெளியே என்று எழுதிக்கொண்டு என்னை விட்டான்.

அன்று சாயங்காலமே அந்த டயரைப் படித்தேன். 27.5 × 2.10. இருபத்தாறு தெரியும், இருபத்தெட்டு தெரியும், இதென்ன நடுவில் ஒரு அரை? மறுநாள் சாரைக் கேட்டேன். தப்பு. ரசத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பேசினார். பெரிய சக்கரம் குழியில் விழாதாம், சின்னச் சக்கரம் சட்டென்று திரும்புமாம், இரண்டுக்கும் நடுவில் இதுதான் சரியாம். அந்தச் சக்கரங்கள் கடையில் வண்டியோடு வந்தவைகூட இல்லை. வெளிநாட்டு ரிம் தனியாக வரவழைத்துப் போட்டாராம். "கிரிப் பாருங்கக்கா, மலையில ஓட்டலாம்." டயர் முழுக்கக் கட்டை கட்டையாகப் பல் இருந்தது. மோதி பாக்குக்கும் சரோஜினி நகருக்கும் நடுவில் மலை எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. ரசம் ஆறிவிட்டது.

அந்தப் பல்லுக்காக நான் பட்டதை அவர் படவில்லை. தார் ரோட்டில் அது ஊமென்று ஓலமிட்டுக்கொண்டே வரும். மிதிக்க மிதிக்க யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல இருக்கும். பல்லுக்குப் பல் இடுக்கில் சின்னக் கல், கண்ணாடி, கட்டட வேலையில் கம்பி கட்டும் மெல்லிய கம்பித் துண்டு, எல்லாம் செருகிக்கொள்ளும். வழுவழு டயரில் பட்டுத் தெறித்துப்போகிற துண்டு இதில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். மூன்றாவது வாரம் பஞ்சர்.

மோதி பாக் மேம்பாலத்துக்கு அடியில் பஞ்சர் ஒட்டுகிற மிஸ்திரி ஒருவன் உண்டு. பழைய வண்டிக்கு அவன்தான். பச்சை வண்டியைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டான்.

"அரே ஆன்ட்டி, லாட்டரி விழுந்துச்சா?"

"ஜல்தி பண்ணு பையா, நேரமாச்சு."

கம்பியைப் பிடுங்கினான், ஒட்டுப் போட்டான். காற்றடிக்கப் போனால் அவன் பம்பு வாய் அதில் நிற்கவில்லை. வால்வு அத்தனை மெலிசு. பக்கத்து டீக்கடைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினான். "இதைப் பாரு, கொசுவோட மூக்கு." இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்குப் பித்தளையில் ஒரு சின்ன மூடி இருக்கிறதாம், மாட்டினால் காற்று ஏறுமாம், அவனிடம் இல்லை. தள்ளிக்கொண்டு ஓடினேன், டவர் கேட்டில் ஒரு கார் டிரைவரிடம் காற்றடிக்கும் மெஷின் இருந்தது, அவனிடம் அந்த மூடியும் இருந்தது. அன்றைக்கு எப்படியோ ஆறே முக்கால்.

அந்த மூடியை வாங்கினேன். சாவிக் கயிற்றில் கோத்துக்கொண்டேன். அது தொலைந்துவிடுமோ என்று இன்னொன்று வாங்கிப் பர்ஸில் வைத்தேன். என்ன பிரயோஜனம்? அடுத்த தடவை டியூப் வால்வின் அடியிலேயே கிழிந்தது. அந்த இடத்தில் ஒட்டுப் போட முடியாது. மிஸ்திரி கையை விரித்தான்.

"இருபத்தாறு டியூப் இருக்கு. இருபத்தெட்டு இருக்கு. இருபத்தேழரை எந்த ஊர்க் கணக்கு ஆன்ட்டி?"

"இருபத்தாறையே இழுத்து மாட்டிடேன்."

"மாட்டலாம். ஆனா என்கிட்ட இருக்கிற டியூப் மூக்கு உங்க ரிம் ஓட்டையில நுழையாது. ஓட்டையைப் பெருசு பண்ணட்டுமா? அப்புறம் வண்டியைக் கொடுத்த சாகிப் வந்து என்னை அடிப்பாரு."

மீதி வழி முழுக்கத் தள்ளினேன். ஏழு முப்பத்தைந்து. பிள்ளைகள் டப்பா இல்லாமல் போய்விட்டார்கள். மேடம் அன்றைக்குப் பேசினார். "அக்கா, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற யாரையாவது பாக்கணும். பஸ். எனக்கு வேற வழி இல்ல." அந்த 'பஸ்' என்றால் ஹிந்தியில் 'அவ்வளவுதான்'. நான் தலையாட்டினேன். 

இங்கே ஒரு தப்பு செய்தேன். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். சாரிடம், இந்தச் சக்கரம் எனக்கு ஒத்துவரவில்லை, மாற்றிக்கொள்ளட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு கால் மணி நேரம் பேசுவார் என்று நினைத்தேன். என் வண்டி என்றும் நினைத்தேன். இரண்டும் நிஜம்.

ஞாயிற்றுக்கிழமை ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட்டுக்கு வண்டியை டெம்போவில் போட்டுக்கொண்டு போனோம். நான்கு கடை ஏறி இறங்கினேன். கடைக்காரன் டயரை எடுத்துப் போட்டதும் வாங்கிக்கொண்டு வருகிற ஆள் நானில்லை. முதலில் துப்பட்டா நுனியால் அழுத்தித் துடைப்பேன். பளபளப்பு துணியில் எண்ணெயாக ஒட்டினால் அது பழைய சரக்கு. அப்புறம் பக்கவாட்டை இரண்டு கையாலும் மடித்து வெளிச்சத்தில் பார்ப்பேன். மயிரிழை மாதிரி வெடிப்பு இருந்தால் கீழே வைத்துவிடுவேன். நகத்தால் அழுத்தினால் நல்ல ரப்பர் குழிந்து மேலே வரும். காய்ந்த ரப்பரில் நகம்தான் வலிக்கும். இரண்டு டயரை இரண்டு கையில் தூக்கிப் பார்ப்பேன். ஒரே அளவு, ஒரே விலை, ஆனால் ஒன்று எடை குறைவாக இருக்கும். அதில் உள் நூல் குறைவு. கடைசியாக மோந்து பார்ப்பேன்.

"நாக்குலயும் வெச்சுப் பாத்துடு. உப்பு பத்தலைன்னா சொல்லு, சேத்துடுவாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

நாலாவது கடையின் லாலா, அதாவது முதலாளி, வயசானவர், சிடுமூஞ்சி. நான் துடைத்த முதல் டயரைப் பிடுங்கி உள்ளே எறிந்துவிட்டு, பேசாமல் வேறொன்று எடுத்துக் கொடுத்தார். அதனால் அவரிடமே முடிவு செய்தேன். சார் வண்டியில் டிஸ்க் பிரேக் என்பதால் பிரேக் ரிம்மைத் தொடாது. அதே வண்டியில் கொஞ்சம் சின்னச் சக்கரமும் மாட்டலாம் என்றார். 26 × 1.95. முப்பத்தாறு ஸ்போக்ஸ், கெட்டி ரிம், எந்தத் தெருவிலும் கிடைக்கிற டியூப், பருத்த வால்வு. டயரின் நடுவில் ஓடுகிற கோடு அறுபடாமல் சுற்றி வந்தது. பல் ஓரத்தில் மட்டும்தான், கொஞ்சம். மணலில் சறுக்காது, ரோட்டில் இழுக்காது. சாருடைய சக்கரம் இரண்டுக்கும் இவை இரண்டும், நேருக்கு நேர். கையில் காசு மாறவில்லை. இதை அடிக்கோடு போட்டு எழுதுகிறேன்.

ஏறி உட்கார்ந்ததும் கால் தரையில் முழுசாக ஊன்றியது. அதுவரை சிக்னலில் கட்டைவிரல் நுனியில் நின்றவள் நான். கார்காரன் முறைத்தால் திரும்பி முறைக்கிற அளவுக்கு நிலை வந்தது.

ஏழு மாதம். ஒரே ஒரு பஞ்சர். மிஸ்திரி பத்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டான். ஒரு நாள்கூட லேட் இல்லை. மேடம் தன் பிறந்தநாளுக்கு எனக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். டவர், அக்கம்பக்கத்துக் காலனித் தமிழ்ப் பெண்களுக்கு என்று போனில் ஒரு குரூப் உண்டு. கோலப் போட்டி, நல்லெண்ணெய் எங்கே கிடைக்கும், சமைக்க ஆள், எல்லாம் அதில்தான். மோதி பாக்கில் சாயங்காலம் நான் சமைக்கிற வீட்டு அம்மாவும் அந்தக் குரூப்பில் இருந்தார். மேடம் அதில் என்னைப் பற்றி நல்லவிதமாக எழுதிய பிறகுதான் அந்த வீடே எனக்குக் கிடைத்தது.

குளிர் விட்டதும் சாரின் ஆபீசில் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் சாணக்யபுரி அகல ரோடுகளில் சைக்கிள் ஓட்டக் கிளம்பினார்கள். டாக்டர் சொல்லியிருப்பார். சார் வெங்காயம் நறுக்குகிற இடத்துக்கு வந்து நின்றார்.

"அக்கா, சனிக்கிழமை அந்த சைக்கிளைக் கொண்டு வந்து விட்டுருங்க. கொஞ்ச நாள் நான் ஓட்டுறேன்."

"சார், அது எனக்குக் கொடுத்தீங்களே."

"ஆமா, யூஸ் பண்ணத்தான கொடுத்தேன்."

சனிக்கிழமை கீழே பார்க்கிங்கில் நிறுத்தினேன். சார் குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்தார், பின் சக்கரத்தைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் பேச்சில் 'அக்கா' போய்விட்டது.

"என் வீல் எங்க?"

சொன்னேன். மூக்கு, ஓட்டை, டியூப், மிஸ்திரி, ஜண்டேவாலான், எல்லாம். பயத்தில் நான் எதையும் சுருக்கமாகச் சொல்ல மாட்டேன். நடுவிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"எவ்வளவுக்கு வித்த?"

"விக்கல சார். மாத்தினேன்."

"அந்த வீல் என்ன விலைன்னு தெரியுமா உனக்கு? அதைக் கொடுத்துட்டு இந்தத் தகரத்தை வாங்கிட்டு வந்தியா? மீதியை யாரு தின்னது, நீயா உன் புருஷனா?"

"மரியாதையாப் பேசுங்க சார். வெச்சுக்கோன்னு சொன்னீங்க. கேட்ல எழுதியிருக்கு."

செக்யூரிட்டி நோட்டைப் புரட்டினான். சைக்கிள், ஒன்று, வெளியே. அதற்கு மேல் அதில் என்ன இருக்கும்? சார் அதைத் தட்டிக் காட்டி, "வெளிய போச்சுன்னுதான் இருக்கு. உனக்குன்னு இருக்கா?" என்றார். மேடம் லிஃப்டிலிருந்து இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

"இதை எடுத்துட்டுப் போ. ஒரிஜினல் வீல் மாட்டிக் கொண்டு வர்ற வரைக்கும் நீ மேல வர வேணாம்" என்றார் சார்.

அன்று சாயங்காலம் மோதி பாக் வீட்டு அம்மா கதவை அரைவாசிதான் திறந்தார். குரூப்பில் மேடம் இங்கிலீஷில் போட்டிருந்ததைப் படித்து, தமிழில் சொன்னார்: எங்கள் சமையல்காரி எங்கள் சைக்கிளை எடுத்துப்போய்ச் சக்கரங்களை விற்றுவிட்டாள், எல்லோரும் ஜாக்கிரதை.

"நான் ஒண்ணும் சொல்லல. நீ நல்லவதான். ஆனா கொஞ்ச நாள் பொறு" என்றார். அவர் சொல்லும்போதே கை தாழ்ப்பாளில் இருந்தது.

டெல்லியில் வீட்டு வேலைக்கு எனக்கு வேறு என்ன சர்டிபிகேட் இருக்கிறது? யாரோ ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்லும் நாலு வார்த்தைதான். அது போய்விட்டால் அந்த டவரில் மட்டுமல்ல, அக்கம்பக்கத்துக் காலனியிலேயே யாரும் அடுப்பைத் தொட விடமாட்டார்கள். வீட்டுக்காரர் சம்பளம் வாடகைக்கும் ஊருக்கும் சரியாகப் போகும்.  எழுதியது எழுதியதுதான், இனி அதை யார் அழிப்பார்கள் என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வீட்டுக்காரரோடு லாலா கடை. சாரின் சக்கரங்கள் உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. யாரும் கேட்கவில்லையாம். ஆனால் டயர் இரண்டையும் யாருக்கோ விற்றுவிட்டார்.

"ஏழு மாசம் கழிச்சு வந்து கேட்டா? நான் என்ன லாக்கரா வெச்சிருக்கேன்?"

"ரிம்மைக் கொடுங்க லாலாஜி. டயர் புதுசா வாங்கிக்கிறேன். இந்த இருபத்தாறையும் நானே வெச்சுக்கிறேன். என்ன ஆகும்னு சொல்லுங்க."

என் காது தோட்டை அடகு வைத்த பணத்தில் அது முடிந்தது. அதைப் பற்றி மேலே எழுத விருப்பமில்லை.

டயர்தான் மிச்சம். லாலா இருபத்தேழரையில் இரண்டு ஜோடி எடுத்துப் போட்டார். ஒரு ஜோடி கண்ணாடி மாதிரி மின்னியது. துடைத்தேன். துப்பட்டா கறுத்தது. மடித்தேன். பக்கவாட்டில் வரி வரியாக வெடிப்பு.

"யாருக்கு இது? உன்னைத் திருடின்னு சொன்னவனுக்குத்தானே? இதை மாட்டு. பார்த்தா புதுசு. விலையும் பாதி" என்றார் லாலா. முதல் தடவையாக அந்த மூஞ்சி சிரித்தது.

என் வீட்டுக்காரரும் அந்த ஜோடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஆசைதான்.

நான் அந்த டயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை மறைக்கப் போவதில்லை. சாணக்யபுரி ரோட்டில், ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் முன்னால், ஹெல்மெட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு அவர் வேகமாக இறங்குகிறார். டயர் பக்கவாட்டில் வாயைப் பிளக்கிறது. முழங்கை, தாடை, அந்தப் பேசுகிற வாய். எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதற்கு அப்புறம் வந்ததுதான் எனக்கு வழக்கமாக வருவது: டயர் வெடித்தால் முதலில் என் பெயரைத்தான் சொல்வார். வேண்டுமென்றே செய்தாள் என்பார். இந்தத் தடவை குரூப்போடு நிற்காது, போலீஸ்.

"மத்ததைக் கொடுங்க" என்றேன்.

"பெரிய மனசு உனக்கு" என்றார் லாலா.

மனசெல்லாம் ஒன்றுமில்லை. பயம். அந்த இன்னொரு ஜோடியையும் நான் நாலு பக்கமும் மடித்து, நகம் வைத்து, மோந்து பார்த்துத்தான் வாங்கினேன். எனக்கு வாங்கியதைவிட அதிக நேரம் பார்த்தேன். ரப்பர் பக்கவாட்டில் கெட்டி, பல் சின்னது. அவர் முதலில் போட்டிருந்ததைவிட நல்ல டயர். அந்த ஆளுக்கு என் கையால் நல்ல டயர் பொறுக்கினேன் என்பதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அடுத்த சனிக்கிழமை வண்டியோடு பார்க்கிங்கில் போய் நின்று, இரண்டு பேரும் வரவேண்டும் என்று செக்யூரிட்டியிடம் சொல்லியனுப்பினேன். சார் வந்து குனிந்தார்.

"இது என் டயர் இல்ல."

"இல்ல சார். அதைவிட நல்லது. மடிச்சுப் பாருங்க."

"எனக்கு நீ சொல்லித்தர வேணாம்." ஆனால் அழுத்திப் பார்த்தார்.  "சரி. விட்டுட்டுப் போ" என்று ஹேண்டில்பாரில் கை வைத்தார்.

நான் விடவில்லை. இந்தப் பக்கம் நான் பிடித்திருந்தேன், அந்தப் பக்கம் அவர்.

"மேடம், குரூப்புல எழுதினீங்களே. அது தப்புன்னு இப்ப சொல்லுங்க. அப்புறம் விடறேன்."

"பாத்தியா, மிரட்டுறா" என்றார் சார்.

"அக்கா, நான் அப்புறமா எழுதிடறேன். பக்கா" என்றார் மேடம். மறுபடி அக்கா வந்துவிட்டது.

"அப்புறம் வேணாம். நீங்க இங்கிலீஷ்ல என்ன எழுதினாலும் எனக்குத் தெரியாது. வாயால பேசி அனுப்புங்க. தமிழ்ல. நான் இங்க நின்னு கேக்கணும்."

"வண்டியை விடு முதல்ல."

"நீங்க இழுங்க சார். நான் கத்துறேன். பதினாலு மாடியும் எட்டிப் பாக்கட்டும்."

நான் நிஜமாகவே கத்துவேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ, கையை எடுத்துவிட்டார். நான் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.  செக்யூரிட்டி நோட்டில் எதையோ எழுதுவதுபோலக் குனிந்துகொண்டான்.

மேடம் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினார். "ஹலோ எல்லாருக்கும். அது... நான் அன்னிக்கு அக்கா பத்திப் போட்டது... அது ஒரு கன்ஃப்யூஷன்."

"கன்ஃப்யூஷன் இல்ல மேடம். தப்பு."

அதை அழித்துவிட்டு மறுபடி அழுத்தினார். முகம் சிவந்திருந்தது. "அக்கா சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. சக்கரம் எல்லாம் டீக் இருக்கு, சரியா இருக்கு. அக்கா எதுவும் விக்கல. நான் எழுதினது தப்பு." அனுப்பினார். என் முன்னாலேயே ஒரு தடவை ஓடவிட்டார். முழுக்கக் கேட்டேன். பிறகு கையை எடுத்தேன். சைக்கிள் சாய்ந்தது, சார் ஓடிப் பிடித்தார்.

சம்பள பாக்கியை செக்யூரிட்டியிடம் கொடுத்தனுப்புவதாக மேடம் சொன்னார். இனி வர வேண்டாம் என்பதற்கு அவர் மொழியில் அப்படித்தான் சொல்வார்கள் போல. நானும் வருகிறேன் என்று சொல்லாமல் திரும்பினேன்.

அந்த இருபத்தாறு இஞ்ச் சக்கரங்கள் இரண்டும் எங்கள் அறையில் கட்டிலுக்குப் பின்னால் சாய்ந்திருக்கின்றன. என் பழைய லேடீஸ் வண்டியும் இருபத்தாறுதான், ஆனால் இவை அதில் நிற்காது. டயர் உட்காருகிற ரிம்மின் அளவே வேறு, பிரேக்கும் வேறு. "எல்லாரும் வண்டி வாங்கி சக்கரம் மாட்டுவான். நீ சக்கரத்தை வெச்சுக்கிட்டு வண்டி தேடுற" என்கிறார் வீட்டுக்காரர். தேடத்தான் செய்கிறேன். பழைய இரும்புக் கடைகளில் குனிந்து குனிந்து ஃபிரேமை அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நாலு நாள் கழித்து மோதி பாக் வீட்டு அம்மா போன் செய்தார். "வா, வா. அன்னிக்கே நான் சொன்னேன்ல, நீ நல்லவதான்னு." கதவு இந்தத் தடவை முழுக்கத் திறந்தது. உள்ளே அவருடைய மாடிவீட்டுச் சிநேகிதி ஒருத்தி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். நான் சமையலறைக்குள் போய்க் கத்தரிக்காயை எடுத்தபோது, அந்த அம்மா தாழ்ந்த குரலில், ஆனால் எனக்குக் கேட்கும்படியே, "அதான், அந்தச் சக்கரக்காரி" என்றார். இரண்டு பேரும் மெல்லச் சிரித்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்து, "ஏய், நெசமாச் சொல்லு, எவ்வளவுக்குப் போச்சு?" என்றார். விளையாட்டாம்.

கத்தியைக் கீழே வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

"அம்மா, போனை எடுங்க."

"என்னடி?"

"குரூப்புல அந்த மேடம் பேசி அனுப்பினது இருக்கும். போடுங்க. இவங்களும் கேக்கட்டும்."

"அட, சும்மா சொன்னேன்டி."

"நான் சும்மா கேக்கல."

அந்த அம்மா சிநேகிதியைப் பார்த்தார். சிநேகிதி டீ கப்பைப் பார்த்தாள். தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முன்பு கேட்டு நிறுத்திய இடமோ என்னவோ, முதலில் பாதியிலிருந்து ஓடியது.

"முதல்லேருந்து போடுங்கம்மா" என்றேன். முடிகிறவரை அங்கேயே நின்றேன்.